மடிச்சா ஆரெண்டு தெரியாது: புத்தூர் வில்லுக்கத்தி ஒன்றின் வரலாறு

உங்கட வீட்டில் உங்களைவிட வயது கூடிய பொருள் ஒன்றை எடுங்கள், அதன் வரலாற்றை எழுதுங்கள். இரண்டாம் வருடத்தில் எங்களுக்குத் தந்த ஒப்படை இதுதான். நாங்கள் நாலு பேர் ஒரு குழு. ஒருத்தி அம்மம்மாவின் பித்தளைச் செம்பைச் சொன்னாள். ஒருவன் டைனமோவில் பாட்டுக் கேட்ட காலத்து றேடியோவைச் சொன்னான். மூன்றாவது ஆளிடம் பழைய கூப்பன் புத்தகம் இருந்தது. நாலாவது ஆள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கட அப்புவிட்ட ஒரு கத்தி கிடக்கு" என்றான்.

அடுத்த சனிக்கிழமை புத்தூர்ச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, நிலாவரைப் பக்கமாக உள்ள அவன் வீட்டுக்குப் போனோம். அப்புவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. இந்தப் பகுதியில் நாப்பது வருசத்துக்கு மேல் பனை ஏறின சீவல் தொழிலாளி. பிஸ்கற் ரின் ஒன்றைத் திறந்து, நல்லெண்ணெய்த் துணியால் சுத்தின பொருளை எடுத்தார். கையில் தரவில்லை. நிலத்தில் வைத்து, "எடுங்கோ பிள்ளையள்" என்றார். கத்தியைக் கைக்குக் கை குடுத்தால் சண்டை வருமாம்.

மடக்கினால் 13 சென்ரிமீற்றர், விரித்தால் 23. ஒற்றை அலகு, ஒடுக்கமானது, நுனியில் மேற்பக்கம் வெட்டிக் கூராக்கப்பட்டது. பிடி மான்கொம்பு என்று அப்பு சொன்னார். எங்கட கண்ணுக்கு எலும்பு மாதிரித்தான் தெரிந்தது. பிடியின் வால்பக்கம் மேல்நோக்கி மீன்வால் மாதிரி வளைந்திருந்தது. அலகின் அடியில் தேய்ந்துபோன ஆங்கில எழுத்துகளில் கடைசி ஐந்தை மட்டும் வாசிக்க முடிந்தது. அது செஃபீல்ட் என்ற பெயரின் பின்பாதியாக இருக்கவேண்டும் என்பது எங்கட ஊகம்.

படம் எடுத்து, கனடாவில் இருக்கிற நண்பனின் மாமாவுக்கு அனுப்பினோம். பத்து நிமிசத்தில் குரல்பதிவு வந்தது: "உது ரூத்பிக் எண்டுற வடிவமடா மருமோன். இஞ்ச உதைச் சேர்க்கிற ஆக்கள் இருக்கினம். துடைக்காத, மினுக்காத, அப்பிடியே வையுங்கோ." ரூத்பிக் என்றால் பல்லுக்குத்தி. ஒரு சாணுக்குக் கிட்டத்தட்ட வருகிற கத்திக்குப் பல்லுக்குத்தி என்று பெயர் வைத்தவன் ஆர் என்று சிரித்தோம். ஒப்படை அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது.

பல்லுக்குத்தி என்ற பகிடி

மடக்குகிற கத்தி மனிதருக்குப் புதிதல்ல. ஒஸ்ரியாவின் ஹால்ஸ்ராற் பகுதியில் எலும்புப் பிடியுள்ள மடக்குக்கத்தி ஒன்று கிடைத்தது. அதன் வயது இரண்டாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு மேல். உரோமரும் மடக்குக்கத்தி வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பழைய கத்திகளில் அலகைத் திறந்த நிலையில் இறுக்கி வைத்திருக்க ஒன்றும் இல்லை, ஆணியின் இறுக்கம் மட்டும்தான். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் பிடியின் முதுகில் ஒரு உருக்குத் தகட்டைப் பொருத்தி, அது அலகை அமத்திக்கொண்டிருக்கச் செய்கிற முறை இங்கிலாந்தின் செஃபீல்ட் நகரத்தில் பரவியது. கத்தியைத் திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, அது அந்தத் தகட்டின் சத்தம்.

யாழ்ப்பாணத்தில் அந்தத் தகட்டுக்குப் பெயர் வில்லு. அதனால்தான் இந்தக் கத்தி எங்களுக்கு வில்லுக்கத்தி. மடக்குக்கத்தி என்றாலும் பேனாக்கத்தி என்றாலும் இங்கே ஆக்களுக்கு விளங்கும். ஆனால் அந்தப் பெயர்கள் கத்தியின் பாவனையைச் சொல்கின்றன, வில்லுக்கத்தி என்ற பெயர் அதன் பொறியைச் சொல்கிறது. பெயர் வைத்தவருக்குக் கத்தியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

பல்லுக்குத்தி என்ற பெயர் அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்திலிருந்து வந்தது. 1830களில் அங்கே இடுப்பில் செருகுகிற நீண்ட குத்துக்கத்தியை 'ஆர்கன்சோப் பல்லுக்குத்தி' என்று பகிடியாகச் சொன்னார்கள். அது மடக்குகிற கத்தி அல்ல. 1837 டிசம்பரில் அந்த மாநிலச் சட்டசபையின் சபாநாயகரே சபைக்குள் வைத்து இன்னொரு உறுப்பினரைக் கத்தியால் குத்திக் கொன்றார். அடுத்த வருசம் பக்கத்து ரெனசி மாநிலம், இந்தப் பல்லுக்குத்தியைப் பெயர் சொல்லியே கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. பிறகு அதே பெயர், நீண்டு ஒடுங்கி இரண்டு பக்கமும் மெலிந்த மடக்குக்கத்தி ஒன்றுக்கும் ஒட்டிக்கொண்டது. மீன் துப்பரவாக்கவும் பழம் வெட்டவும் கயிறு அறுக்கவும் அதைப் பாவித்தார்கள். இன்றைக்குச் சேகரிப்பவர்கள் தேடுவது இந்த இரண்டாவது வகையை. மூடினால் ஐந்து அங்குலம், ஒற்றை அலகு, வால் வளைந்த பிடி. அப்புவின் கத்தியும் அந்த அளவுதான்.

இப்படி ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மடக்குக்கத்தி உண்டு. ஸ்பெயினுக்கு நவாஹா. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் யோசெப் ஒபினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி இன்றைக்கும் விற்கிறது. சுவிஸ் இராணுவத்துக்கு 1891. இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர். ஹிந்திப் படங்களில் வில்லன் 'சடக்' என்று விரிக்கிற ராம்பூரிக் கத்தியின் ஊர் அது. படம் அந்தக் கத்திக்குப் பேர் எடுத்துக் குடுத்தது, அதே படம் அதைக் கெட்ட கத்தியும் ஆக்கியது. 1990களில் நாலரை அங்குலத்துக்குக் கூடின அலகுக்கு அங்கே தடை வந்தது, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 2023இல் அதே ஊரில் இருபது அடி உயரமான ராம்பூரிக் கத்தி ஒன்றைச் சந்தியில் நிறுத்திவைத்தார்கள். கத்தி செய்கிறவனுக்கு வேலை இல்லாமல் போனபிறகு கத்திக்குச் சிலை வந்தது.

போன உருக்கு, திரும்பி வந்த கத்தி

செஃபீல்டிலிருந்து கத்தி எப்படி இலங்கைக்கு வந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் உலகத்தின் பாதிக்கு அந்த நகரம்தான் கத்தி விற்றது. அங்கே யோசெப் றொட்ஜர்ஸ் என்ற பெயர்பெற்ற கம்பனி இருந்தது. நட்சத்திரமும் மோல்ற்றாச் சிலுவையும் அதன் அடையாளம். இலங்கையில் அந்தக் கம்பனியின் பெயரே 'அதிதரமானது' என்ற கருத்தில் சிங்களப் பேச்சில் புழங்கியதாக செஃபீல்ட் கத்திகளைப் பற்றி எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள்.

எங்களை யோசிக்க வைத்தது இதன் மறுபக்கம். இலங்கையும் தென்னிந்தியாவும் ஒருகாலத்தில் உருக்கு அனுப்பிய நாடுகள். பலாங்கொடைக்குப் பக்கத்தில் சமனலவெவ மலைச்சரிவுகளில், தென்மேல் பருவக்காற்றை நேரே வாங்குகிற மாதிரி மேற்கு நோக்கிக் கட்டிய பழைய உலைகளை கில் யூலெஃப் என்ற தொல்லியலாளர் ஆராய்ந்தார். துருத்தி ஊதாமல் காற்றாலேயே எரிந்த உலைகள் அவை. 1996இல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஆயிரம் வருசத்துக்கு முதல் இங்கே உயர்தர உருக்கு செய்யப்பட்டதைக் காட்டியது. 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதும்போது சரந்தீப் உருக்கையும் குறிப்பிடுகிறார். தென்னிந்திய உருக்கின் இரகசியத்தைக் கண்டுபிடிக்க, மின்சாரத்தில் பேரெடுத்த மைக்கேல் ஃபரடே 1820 அளவில் யேம்ஸ் ஸ்ரொடார்ட் என்ற லண்டன் கத்திக்காரருடன் சேர்ந்து பரிசோதனை செய்தார்.

இங்கேயிருந்து போன உருக்கை அங்கே படித்தார்கள். பிறகு இயந்திரம் வந்தது, விலை குறைந்தது, அங்கே செய்த கத்தி இங்கே கடைக்கு வந்தது. எங்கட கொல்லர்கள் மண்வெட்டி, கோடாலி, கொக்கச்சத்தகம், பாக்குவெட்டி செய்கிறவர்களாக நின்றுவிட்டார்கள். அதுவும் சின்ன வேலையில்லை. ஆனால் 'நல்ல கத்தி' என்றால் வெளியிலிருந்து வருவது என்ற எண்ணம் அப்போதே ஊறிவிட்டது.

எங்களுக்கும் ஒரு மடக்குக்கத்தி இருந்தது

மடக்குகிற கத்தி முழுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா? இந்தக் கேள்வியோடு நூலகத்துக்குப் போனபோது வேறொரு பொருள் அகப்பட்டது: மடக்கெழுத்தாணி.

பனையோலையில் எழுதுகிறவனுக்கு இரண்டு வேலை. முதலில் ஓலையை வாரி, ஓரம் வெட்டி அளவாக்க வேணும். பிறகு கூரான இரும்பால் கீற வேணும். ஒன்றுக்குக் கத்தி, மற்றதுக்கு எழுத்தாணி. உ. வே. சாமிநாதையர் தன் வரலாற்றில் எழுத்தாணி வகைகளைச் சொல்கிறார். தலை குண்டாக இருப்பது குண்டெழுத்தாணி. ஓலை வாரக் கத்தியும் சேர்ந்தது வாரெழுத்தாணி. கத்தியையும் எழுத்தாணியையும் ஒரே பிடிக்குள் மடக்கி வைக்கலாம் என்றால் அது மடக்கெழுத்தாணி. பேனாக்கத்தி என்ற சொல் ஐரோப்பாவில் இறகுப்பேனா சீவின கத்தியிலிருந்து வந்தது. அதே தேவை, அதே தீர்வு, எங்களிடமும் இருந்திருக்கிறது. எழுதுகிறவனின் மடியில் ஒரு மடக்குக்கத்தி.

புத்தூருக்குப் பக்கத்து ஊர் சிறுப்பிட்டி. சைக்கிளில் போனால் பத்து நிமிசம். 1832இல் அங்கே பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) என்று ஏட்டில் கிடந்தவற்றைத் தேடித்தேடி அச்சுக்குக் கொண்டுவந்தார். தொட்டாலே நொருங்குகிற ஏடுகளோடு பட்ட பாட்டை அவரே பதிப்புரைகளில் எழுதியிருக்கிறார். அந்த ஏடுகள் ஒவ்வொன்றும் ஆரோ ஒருவரின் கத்தியால் வாரப்பட்டு, ஆரோ ஒருவரின் எழுத்தாணியால் கீறப்பட்டவை. நூலைப் பதித்தவரின் பெயர் எங்களுக்குத் தெரியும், தெரியவும் வேணும். ஓலை வாரின கத்தியைச் செய்த கொல்லரின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏடுகளும் எரிந்தன. அதைப் பற்றி எங்கட தலைமுறைக்குச் சொல்ல ஆக்கள் இருக்கிறார்கள், ஒவ்வொரு யூன் மாதமும் நினைவுகூருகிறோம். ஆனால் எழுத்தாணிகள் எரியவில்லை. இரும்பு எரியாது. அவை வீடுகளில் பழைய இரும்பாகப் போயின, கிலோக் கணக்கில் விற்றுப்போயின.

இதையெல்லாம் அப்புவிடம் உற்சாகமாகச் சொன்னோம். எழுத்தாணியும் கத்தியும் சேர்ந்த கருவி தமிழரின் சொந்த வில்லுக்கத்தி என்று சொன்னோம். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "எழுத்தாணி ஆற்ற மடியில இருந்தது எண்டு கேட்டியளோ?"

நாங்கள் கேட்டிருக்கவில்லை.

மடக்க ஏலாத கத்தி

பனையோலையை வெட்டித் தந்தவரும் பனையில் ஏறினவரும் ஒரு பக்கம். அந்த ஓலையில் எழுதினவர் இன்னொரு பக்கம். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு சமமாக வாங்கில் இருக்கிற உரிமையே 1930 அளவில்தான் உத்தரவாக வந்தது. அதை எதிர்த்துப் பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. நூலகம் எரிந்ததை நினைவுகூருகிற நாங்கள் இந்த எரிப்புகளைப் பாடசாலை வரலாற்றுப் புத்தகத்தில் படிக்கவில்லை.

அப்புவிடம் இருந்த மற்றக் கத்தி பாளைக்கத்தி. அகலமான மெல்லிய அலகு, மயிர் சிரைக்கிற கூர். கல்லுப்பொடி தூவின தடியில் தீட்டி, மரத்தால் செய்த கத்திக்கூட்டில் போட்டு இடுப்பில் கட்டுவார்கள். காலில் தளநார், இடுப்பில் கூடும் முட்டியும். விடியப்புறமும் பின்னேரமும் மரம் ஏறி, பாளையின் நுனியை மெல்லிய சீவலாக ஒவ்வொரு தரமும் சீவ வேணும். கொஞ்சம் தடிப்பாய்ச் சீவினால் பாளை கெதியில் முடிந்துபோகும், குறைவாய்ச் சீவினால் கள்ளு இறங்காது. "கை அளவு கண்ணுக்குத் தெரியாது, கத்திக்குத்தான் தெரியும்" என்றார் அப்பு. சுண்ணாம்பு பூசின முட்டியில் கருப்பநீர், பூசாததில் கள்ளு. கருப்பநீர் காய்ச்சினால் பனங்கட்டி. ஒரு தோட்டக்காரக் கிராமத்தின் இனிப்பும் வெறியும் அந்த ஒரு கத்தியில் தங்கியிருந்தது.

சட்டமும் அந்தக் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தின் கீழ் அனுமதி இல்லாமல் சீவ ஏலாது. 1970களில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபிறகுதான் சீவல் தொழிலாளி தன் கள்ளைத் தானே சங்கத்துக்குக் குடுத்துக் காசு வாங்குகிற நிலை வந்தது என்று அப்பு சொல்கிறார்.

பிறகு எங்கட முக்கியமான கேள்வியைக் கேட்டோம். பாளைக்கத்தி இருக்க, வில்லுக்கத்தி ஏன்?

அப்பு உடனே பதில் சொல்லவில்லை. கத்தியை எடுத்து ஒருதரம் விரித்தார், மடக்கினார்.

"பாளைக்கத்தி இடுப்பில இருந்தா நான் ஆரெண்டு ஊருக்கே தெரியும் மோனை. ரீக்கடைக்குப் போனா வெளியில நிக்கவேணும். கிளாசில தரமாட்டான், போத்திலிலதான். உதை அறுபத்திரண்டில பெரியகடையில வாங்கினன். ஒரு மாதத்துக் கள்ளுக்காசில அரைவாசி போச்சு. பட்டணத்துக்குப் போறதெண்டா பாளைக்கத்தியை வீட்டில வச்சிட்டு உதைக் கொண்டு போவன். ஒரு தொழிலாளி கத்தி இல்லாமல் எப்பிடி? ஆனா உது மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள போயிடும். மடிச்சா நான் ஆரெண்டு தெரியாது."

நாங்கள் நாலு பேரும் பிறகு கொஞ்சநேரம் குறிப்பு எழுதவில்லை.

அந்தக் காலத்துப் பின்னணி எங்கட பாடத்தில் இரண்டு வரியாக வரும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. ரீக்கடையிலும் கோயிலிலும் ஆளை மறிப்பது குற்றமென்று அது சொன்னது, ஆனால் கடைக்காரர் கேட்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனது. அதன்பிறகு சங்கானை, மட்டுவில், நெல்லியடி, மாவிட்டபுரம் என்று ரீக்கடைப் பிரவேசமும் கோயில் பிரவேசமும் போராட்டமாகின. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் (1972) இந்தக் காலத்தைக் கதையாக்கியது. அப்பு ஊர்வலத்துக்குப் போனாரா என்று கேட்டோம். "போகேல்ல. அண்டைக்கு மரம் ஏறாட்டிப் பாளை காய்ஞ்சுபோம். ஆனா அதுக்குப் பிறகு ஒருநாள் பாளைக்கத்தியோடையே ரீக்கடைக்குள்ள போய் இருந்தனான். கிளாசில தந்தவன். கை நடுங்கினது எனக்கில்லை, அவனுக்கு."

கடை எது என்று சொன்னார். நாங்கள் எழுதவில்லை. கடைக்காரரின் பேரப்பிள்ளைகள் எங்கட வயதில் இருக்கலாம். தன் சாதிப்பெயரையும் எழுதவேண்டாம் என்று அப்பு கேட்டார். சாதியை மறைக்கச் சொல்கிறாரா என்று எங்களுக்குள் வாதம் வந்தது. ஒருத்தி சொன்னாள்: அவர் மறைக்கவில்லை, தொழிலைச் சொல்லச் சொல்கிறார். அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டோம்.

சோதனைச்சாவடியில் இரண்டு கத்தி

1990களில் பொருளாதாரத் தடை வந்தபோது இரும்பும் மண்ணெண்ணெயும் சீமெந்தும் பற்றறியும் தடைப்பட்ட பொருள்கள். புதுக்கத்தி கடையில் இல்லை. கொல்லர்கள் பழைய லொறி வில்லுத்தகட்டைக் காய்ச்சிக் கத்தி அடித்தார்கள். வாகனத்தின் வில்லு கத்தியின் அலகாகியது. அந்த உருக்கு நல்ல உருக்கு என்று அப்பு இப்போதும் சொல்கிறார்.

1995 ஒக்டோபர் 17இல் பலாலிப் பக்கமிருந்து இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது, முன்னேறுகிற பாதையில் புத்தூர் இருந்தது. ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்வதற்கு முதலே இந்த ஊர் ஆக்கள் வெளிக்கிட வேண்டியிருந்தது. அப்பு குடும்பம் தென்மராட்சிப் பக்கம் போனது. எடுத்துக்கொண்டு போனவை உடுப்பு, அரிசி, உறுதி, பாளைக்கத்தி, வில்லுக்கத்தி. அகதியாய் இருந்த வளவில் இந்த வில்லுக்கத்தியால்தான் மரவள்ளி சீவியது, கயிறு அறுத்தது, பிள்ளை ஒன்றின் தொப்புள்கொடியும் வெட்டியது. அந்தப் பிள்ளை இப்போது பிரான்சில்.

1996இல் திரும்பி வந்தபோது ஊர் முழுக்கச் சோதனைச்சாவடி. இடுப்பில் கத்தியோடு விடியப்புறம் நடக்கிற மனிதன் எந்தச் சிப்பாய்க்கும் சந்தேகம்தான். அப்புவுக்குச் சிங்களம் தெரியாது. சேட்டைக் கழற்றி, மரம் உரஞ்சி நெஞ்சில் காய்ப்புப் பிடித்த இடத்தைக் காட்டுவாராம். அதுதான் அவரின் அடையாள அட்டை. வில்லுக்கத்தியை அந்தக் காலத்தில் வெளியில் கொண்டுபோகவே இல்லை. முந்தி எது ஆளைக் காட்டிக்கொடுத்ததோ, அது இப்போது ஆளைக் காப்பாற்றியது. முந்தி எது மறைத்ததோ, அதை மறைத்து வைத்திருப்பதே ஆபத்தாகிவிட்டது.

நண்பனின் அம்மாவுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. நாங்கள் கத்தியைப் படமெடுக்கும்போது அன்ரி உள்ளே இருந்து சொன்னார்: "உதைக் கிணத்துக்க போடுங்கோ எண்டு எத்தினை வருசமாச் சொல்லுறன். இப்ப வாள்வெட்டு எண்டு பொலிஸ் எந்த நேரமும் பெடியளைப் பிடிக்கிறாங்கள். வீட்டில இளம்பெடியன் இருக்கிறான். கத்தி அப்புவின்ரை எண்டு ஆர் நம்புவினம்?"

அன்ரி சொன்னதில் பிழையில்லை. பத்துப் பன்னிரண்டு வருசமாக யாழ்ப்பாணச் செய்திகளில் கத்தி என்றாலே வாள்வெட்டுத்தான். மோட்டார்சைக்கிளில் வந்து வெட்டினவனுக்கு எங்கட வயது, வெட்டுவாங்கினவனுக்கும் எங்கட வயது. இந்த நாட்டில் கத்தி காவுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொலனித்துவக் காலத்திலேயே வந்துவிட்டது, 1966இல் ஆயுதங்கள் பற்றிய இன்னொரு சட்டமும் வந்தது. ரெனசியிலும் ராம்பூரிலும் நடந்ததுதான் இங்கேயும். ஒரு சிலர் கையில் கத்தி ஆயுதமாகும்போது, எல்லார் கையிலும் இருந்த கருவி சந்தேகப்பொருளாகிறது. கருவி என்ற ஞாபகம் முதலில் போகும், கத்தி செய்கிறவரும் அதைப் பாவிக்கிறவரும் பிறகு போவார்கள்.

சேகரிப்பது ஆர், பாவிப்பது ஆர்

கனடா மாமா தந்த ஆலோசனையோடு எங்களுக்கு ஒரு சிக்கல். கத்தி சேகரிப்பவர்கள் இரண்டு வகை என்று அவர் விளக்கினார். ஒரு பகுதி கத்தியை எண்ணெய் பூசிப் பெட்டிக்குள் வைக்கும். அலகில் தீட்டின அடையாளம் இருந்தால் விலை குறையும், முத்திரை அழிந்தால் இன்னும் குறையும். மற்றப் பகுதி பாவிப்பதற்காகவே வாங்கும். பழம் வெட்டி வெட்டி உருக்கு கறுத்து நீலம்பாரிப்பதைத்தான் அவர்கள் அழகு என்பார்கள். கார்பன் உருக்கு என்றால் புளி பட்டால் கறுக்கும், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். வெட்டின உடனே துடைத்து, மூட்டில் ஒரு துளி எண்ணெய் விட்டால் நூறு வருசம் நிற்கும். மடக்கு மூட்டுக்குள் மண்ணோ பழச்சாறோ கிடந்தால் வில்லு முதலில் பழுதாகும். ஒடுங்கின நீண்ட அலகைக் கொண்டு நெம்பக்கூடாது, நுனி முறியும்.

அப்புவின் கத்தி சேகரிப்புச் சந்தையில் பெரிசாய்ப் போகாது. முத்திரை அழிந்துவிட்டது. அறுபது வருசம் தீட்டி அலகு ஒடுங்கிவிட்டது. பிடியில் ஒரு ஆணி மாற்றப்பட்டிருக்கிறது. அந்த ஆணியைப் போட்டவர் புத்தூர்க் கொல்லர் ஒருவர், இப்போது உயிரோடு இல்லை. சந்தைக்கு அந்த ஆணி ஒரு குறை. எங்கட ஒப்படைக்கு அதுதான் முக்கியமான ஆவணம். செஃபீல்டின் வேலையும் புத்தூரின் வேலையும் ஒரே பிடியில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் சேகரிப்பு என்றால் பித்தளை, வெண்கலம், பெட்டகம், கோயில் விளக்கு. பெரிய வீடுகளில் இருந்த பொருள்தான் 'பாரம்பரியம்' என்ற பெயரில் ஹொட்டேல் வாசல்களில் நிற்கிறது. பாளைக்கத்தியும் தளநாரும் கத்திக்கூடும் சத்தகமும் எத்தனை இடத்தில் இருக்கின்றன? இருந்தாலும் ஆற்ற கத்தி, எந்தக் கொல்லர் அடித்தது, எத்தனை மரம் சீவியது என்று ஒரு வரியாவது எழுதியிருக்கிறதா? அமெரிக்கச் சேகரிப்பவர்கள் ஒரு மடக்குக்கத்தியின் ஆணி வகையைக்கூடப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அது சிலநேரம் எங்களுக்குப் பைத்தியமாகத் தெரிந்தது. ஆனால் சாதாரண ஆக்களின் சாதாரணப் பொருளுக்கு வரலாறு உண்டு என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம்.

அன்ரியோடு பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். கத்தி கிணத்துக்குள் போகாது, வீட்டைவிட்டு வெளியிலும் போகாது. நாங்கள் அளவு எடுத்தோம், படம் எடுத்தோம், அப்புவின் குரலை இரண்டு மணித்தியாலம் பதிவு செய்தோம். பாளைக்கத்தியையும் சேர்த்துத்தான் பதிவு செய்தோம், ஏனென்றால் ஒன்றில்லாமல் மற்றதின் கதை விளங்காது. ஒப்படைத் தலைப்பில் முதலில் 'ஒரு செஃபீல்ட் கத்தி' என்று எழுதியிருந்தோம். அதை வெட்டிவிட்டு 'ஒரு சீவல் தொழிலாளியின் இரண்டு கத்திகள்' என்று மாற்றினோம்.

வெளிக்கிடும்போது அப்பு முற்றத்தில் விழுந்து கிடந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றை எடுத்து, வில்லுக்கத்தியை விரித்துத் தோல் சீவினார். தோல் ஒரே நாடாவாக அறாமல் இறங்கியது. சீவல் அளவு அந்தக் கைக்கு இன்னும் தெரிந்திருந்தது. துண்டுகளைத் தந்துவிட்டு அலகைச் சாரத்தில் துடைத்தார், மடக்கினார், 'டக்' என்றது. பிறகு பொக்கற்றுக்குள் வைக்காமல், பாளைக்கத்திக்குப் பக்கத்தில் திண்ணையில் வைத்தார்.

இதை வாசிக்கிற நீங்களும் ஒரு வேலை செய்யுங்கோ. உங்கட வீட்டுக் கோடிக்குள், பரணில், பிஸ்கற் ரின்னுக்குள் கிடக்கிற கத்தியையோ சத்தகத்தையோ பாக்குவெட்டியையோ எடுத்துப் பாருங்கோ. அது ஆற்றது, ஆர் அடிச்சது, என்ன வெட்டினது என்று வீட்டில் வயது கூடின ஆளிடம் கேளுங்கோ. ஆற்ற மடியில் இருந்தது என்ற கேள்வியை விட்டிடாதையுங்கோ. நாங்கள் விட்டுவிட்டோம், அப்புதான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.